இரண்டையும் போட்டவள்

அமிர்தத்துக்குக் கோபம் வந்தால் குத்தாலம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். ஸ்டேஷன் நாலு கிலோமீட்டர். ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்குக் கட்டாயம் கேட்கும். முறை தப்பித் தண்ணீரைத் திருப்பினவன், வரப்பை அரை அடி தள்ளி வெட்டினவன், வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடவுக்கு வராமல் போனவள் என்று எல்லோரும் அதை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். வயது ஐம்பத்திரண்டு. இரண்டரை ஏக்கர் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறாள். புருஷன் பஞ்சநதம் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். ஒரே மகன் இனியவன் சிங்கப்பூரில் வெல்டர். ஆக, அந்த வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அமிர்தமே பேசினாள். கோபப்பட வேண்டியதற்கெல்லாம் அவளே கோபப்பட்டாள். அவள் கோபத்தில் முக்கால்வாசி நியாயமானது. மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சம்பா நடவின்போது அது ஆரம்பித்தது. நடவில் பெண்கள் வரிசையாக நின்று, குனிந்த தலை நிமிராமல் பின்னால் பின்னால் அடி வைத்து வருவார்கள். பக்கத்து ஆளின் கை எங்கே இருக்கிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது கடைக்கண்ணிலேயே தெரியும். அன்றைக்கு அமிர்தத்துக்குத் தெரியவில்லை. இடது பக்கம் நட்டுக்கொண்டிருந்த ரெங்கம்மாளின் பங்குக்குள் நாற்றை ஊன்றிக்கொண்டே போய், கடைசியில் அவள் இடுப்பில் இடித்தாள்.

"என் பங்கையும் நீயே நட்டுட்டா நான் எதுக்குடி கூலி வாங்குறது?" என்றாள் ரெங்கம்மாள். வயலே சிரித்தது.

அமிர்தம் சிரிக்கவில்லை. ரெங்கம்மாள்தான் தன் பக்கம் வந்தாள் என்று சாதித்தாள். மூன்று நாள் சண்டை. நாலாம் நாள் தன் வயல் வரப்பிலேயே நடந்து வந்தவள் இடது பக்கம் கால் வைக்க இடம் இருப்பதாக நினைத்து வாய்க்காலுக்குள் விழுந்தாள். முப்பது வருஷமாக நடக்கிற வரப்பு அது. பஞ்சநதம் அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனான்.

அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் சாரங்கபாணி பார்த்தார். கண்ணுக்குள்ளே நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வருகிற நோய், கிளாக்கோமா என்றார். இடது கண்ணில் முக்கால் பங்கு போய்விட்டது. வலது கண்ணில் இப்போதுதான் கை வைத்திருக்கிறது.

"போனது வராதும்மா. இருக்குறதக் காப்பாத்தலாம். காலையில ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. ஆயுசுக்கும்."

அமிர்தத்துக்கு அந்த நோயின் மேலேயே கோபம் வந்தது. ஒரு வலி உண்டா, ஒரு சிவப்பு உண்டா, ஒரு எரிச்சல் உண்டா? காய்ச்சல்கூட வரும்போது சொல்லிக்கொண்டு வருகிறது. இது வீட்டு ஆள் மாதிரி உள்ளேயே உட்கார்ந்து தின்றிருக்கிறது. ரெங்கம்மாளிடம் போய்த் தப்பு தன்மேல்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு படி உளுந்தைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். ரெங்கம்மாளும் எதற்கு என்று கேட்கவில்லை.

சொட்டு மருந்து வீட்டுக்கு வந்தது. காலையில் பஞ்சநதம் விடுவான். அவன் கை நடுங்கும், அவள் கண் சிமிட்டும், பாதி கன்னத்தில் வழியும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அழுத்தம் இருபத்தெட்டு. இருபத்தொன்றைத் தாண்டக் கூடாதாம்.

"ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

அந்தக் கேள்வி அமிர்தத்துக்கு ஆகவில்லை. "போடாமத்தான் அங்கேருந்து ரயிலேறி வர்றோமா?" என்றாள்.

டாக்டர் தணிந்துதான் சொன்னார். "தப்பு உங்க மேல இல்லம்மா. கண்ணு மருந்த வச்சுக்காது. கண்ணீர் வந்து கழுவி விட்டுடும். நூறு பங்கு விட்டா அஞ்சு பங்கு உள்ள போறதே பெருசு."

"அப்ப இத்தன நாளா என் கன்னத்துக்கா வைத்தியம் பாத்தீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். அமிர்தம் சிரிக்கவில்லை. விழலுக்கு இறைத்த நீர் என்பது அவளுக்குப் பழமொழி இல்லை. யூரியா போட்ட மறுநாள் மழை பெய்து வடிகாலில் போகும்போது நின்று பார்த்தவள் அவள். பாழாய்ப் போனது எங்கே போகிறது என்று தெரிந்த ஆளுக்குத்தான் கோபம் அதிகம் வரும்.

அப்போது டாக்டர் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். அதே மருந்துதான். ஆனால் அதைக் கண்ணுக்கே தெரியாத துணுக்குகளுக்குள் அடைத்திருக்கிறார்கள். ஒரு மயிரின் கனத்தில் ஆயிரம் துணுக்குகளை வரிசையாக வைக்கலாம். கண்ணீரோடு போகாமல் அவை கண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டு வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை உள்ளே விடும். திங்கள்கிழமை ஒரு சொட்டு விட்டால் அடுத்த திங்கள்வரை போதும். "நானோ மருந்துன்னு பேரு" என்றார்.

நானோ என்ற சொல் காதில் விழுந்ததும் அமிர்தம் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அவள் அப்படி எழுந்ததற்குக் காரணம் ஊர்க் கூட்டுறவு சொசைட்டி. யூரியா மூட்டை கேட்டுப் போனால் கூடவே ஒரு அரை லிட்டர் பாட்டிலையும் தலையில் கட்டினார்கள். இதுவும் யூரியாதான், நானோ யூரியா, தண்ணீரில் கலந்து இலைமேல் அடித்தால் மூட்டையே வேண்டாம் என்றார்கள். வேண்டாமென்றால் எதற்கு மூட்டையோடு சேர்த்துக் கட்டுகிறாய் என்று ஊரே சொசைட்டி வாசலில் நின்று கத்தியது. அந்தக் கூச்சலில் பெரிய தொண்டை அமிர்தத்துடையது. அந்தக் குறுவையில் பாட்டிலை மட்டும் அடித்த ரெங்கம்மாளின் ஒரு ஏக்கர் வெளுத்துப்போய், கதிர் இளைத்துக் கிடந்தது. அதைக் காட்டிக் காட்டிக் கத்தினாள். விற்பனையாளர், "பாட்டிலாலதான் வெளஞ்சுதுன்னு உங்க வயல்லயே போர்டு இருக்கேம்மா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "போர்டு சோறு போடுமா?" என்று அதையும் அடித்துப் போட்டுவிட்டாள்.

ஆகவே ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்தவளைப் பின்னாலேயே வந்து நிறுத்தியவள் லத்தீஃபா. கூத்தாநல்லூர்ப் பெண், அந்த ஆய்வைக் கவனிக்கிற நர்ஸ்.

"உக்காருங்கம்மா. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க, டாக்டருக்கு அடுத்த பேஷண்ட் இருக்காங்க."

"இது நல்லா வேலை செய்யும்னு நீ சத்தியம் பண்ணுவியா?"

"மாட்டேன்" என்றாள் லத்தீஃபா. "தெரியாது. தெரியாததாலதான் சோதன பண்ணிப் பாக்குறோம். தெரிஞ்சா எதுக்கு உங்களக் கூப்புடுறோம்?"

விதைக்காரன், உரக்காரன், பூச்சிமருந்துக்காரன் என்று எத்தனையோ பேர் வந்து அமிர்தத்திடம் பேசியிருக்கிறார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான். அமிர்தம் உட்கார்ந்தாள். லத்தீஃபா பத்துப் பக்கத் தாளை வரி வரியாகப் படித்துச் சொன்னாள். மூன்று மாதம் திங்கள்தோறும் வர வேண்டும். மருந்தை இங்கேயே விடுவார்கள். பழைய சொட்டை அடியோடு நிறுத்த வேண்டும், வீட்டில் இருக்கிற பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள். அமிர்தம் புரிந்தது என்றாள். அது பொய் இல்லை. எல்லாமே அவளுக்கு நன்றாகப் புரிந்தது. பாட்டிலையும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வீட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மாடத்தில் இன்னொரு பாட்டில் இருந்தது.

முதல் திங்கள் புது மருந்து விட்டுக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போலக் கயிற்றுக் கட்டிலில் படுத்து, "ஏங்க, சொட்ட எடுத்துட்டு வாங்க" என்றாள்.

பஞ்சநதம் நின்ற இடத்திலேயே நின்றான். "வேணாம்னாங்களே."

"அவங்க சொல்லுவாங்க."

"ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலு ஆகாது அமிர்தம்."

"பாட்டில நம்பி மூட்டைய விட்டு உருப்பட்டவ எவளாச்சும் இருக்காளா இந்த ஊர்ல? ரெண்டரை ஏக்கர் நெல்லையே நாம பணயம் வைக்கல. இருக்குற ஒத்தக் கண்ண வைக்கச் சொல்றீங்களா? விடுங்க."

அவன் விட்டான்.

பாட்டிலையும் மூட்டையையும் பற்றி அவள் சொன்னது ஊரறிந்த வழக்கம். புதுசாக எது வந்தாலும் வேண்டாம் என்று யாரும் முகத்தில் அடிப்பதில்லை. வாங்கி வைத்துக்கொள்வார்கள், பழசையும் விட மாட்டார்கள். பாட்டிலை அடித்துவிட்டு மூட்டையையும் போடுவார்கள். விளைந்தால் புதுசுக்குப் பேர். அமிர்தம் இதில் ஒரு படி மேலே போயிருந்தாள். போன சம்பாவில் விவசாயத் துறையிலிருந்து வந்த ஒரு பையன், பாவம் நல்ல மாதிரிப் பேசுகிறவன், "பாட்டில் மட்டுந்தானேம்மா அடிச்சீங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். இரண்டு மூட்டை யூரியாவை விடியுமுன்னே பஞ்சநதம் இறைத்து முடித்திருந்தான். விளைச்சல் நன்றாக வந்தது. ரோட்டோரம் அவள் வயலில் ஒரு தகரப் பலகை நட்டார்கள். செயல்விளக்கத் திடல், மேலுரம் பாட்டில் மட்டும், விவசாயி திருமதி ப. அமிர்தம். தன் பேரைப் பெரிய எழுத்தில் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் எண்கள் மடமடவென்று இறங்கின. இருபத்தெட்டு இருபதாகி, பதினைந்தாகி, பதின்மூன்றுக்கு வந்தது. ஆய்வில் சேர்ந்த நாற்பது பேரில் இப்படி யாருக்கும் இறங்கவில்லை என்று டாக்டர் சாரங்கபாணி வேறு இரண்டு டாக்டர்களை அழைத்து வந்து காட்டினார். லத்தீஃபா மட்டும் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

"நாடி குறைவா இருக்கேம்மா. நிமிஷத்துக்கு அம்பத்திரண்டுதான். வேற எதாவது மருந்து எடுக்குறீங்களா?"

"இல்ல" என்றாள் அமிர்தம், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஏழாவது வாரம் சம்பாவுக்கு மேலுரம் போட இறங்கினாள். மூன்று கை இறைத்திருப்பாள். வயல் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரத்திலிருந்து இல்லை, மொத்தமாக. முகம் குப்புறச் சேற்றில் விழுந்தாள். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ரெங்கம்மாள் ஓடிவந்து, மயிரைப் பிடித்துத் தூக்கி, மூக்கிலும் வாயிலும் இருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் சேறே போதும், வேறு வியாதி வேண்டாம்.

குத்தாலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடி பார்த்தார். முப்பத்தெட்டு. என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். பஞ்சநதம் வாயைத் திறந்தான். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவ்வளவு நீளமாக அவன் பேசியதில்லை. தஞ்சாவூர், திங்கள்கிழமை, புதுச் சொட்டு, பழைய சொட்டு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மடியிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தான். படுத்தபடியே அமிர்தம் அவனை முறைத்தாள். அவன் முதல் தடவையாகத் திருப்பி முறைத்தான்.

நாலு நாள் கழித்துத் தஞ்சாவூரில் டாக்டர் சாரங்கபாணி குரலை உயர்த்தாமல் பேசினார். இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து. கண்ணில் விட்டதில் ஒரு பங்கு மூக்கு வழியாக ரத்தத்தில் கலக்கும். அளவோடு போனால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. இரண்டு மடங்கு போனால் இதயத் துடிப்பைக் குறைக்கும். "செத்துப் போயிருப்பீங்க" என்றார். "எங்களையும் ஏமாத்தி, உங்களையும் ஏமாத்திக்கிட்டீங்க. அவ்வளவு தூரம் படிச்சுச் சொன்னாங்களே, புரியலையா?"

"புரிஞ்சுது சார். புரிஞ்சுதா புரிஞ்சுதான்னு பத்து தடவ கேட்டீங்க. நம்புறியான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன்."

லத்தீஃபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, அத விடுங்க" என்றாள் அமிர்தம். "பதிமூணுன்னு வந்துதே, அது எதால வந்துது? புதுசாலயா, பழசாலயா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"யாருக்கும் தெரியாதும்மா. இனிமே தெரியவும் வராது. நீங்கதான் ரெண்டையும் போட்டுட்டீங்களே."

அவள் கேட்டதிலேயே மோசமான பதில் அதுதான். வலது கண்ணை எது காப்பாற்றியது என்று தெரிந்தால்தானே அதைப் பிடித்துக்கொள்ள முடியும்? ஒருவேளை புது மருந்து மட்டுமே போதுமாக இருந்திருக்கலாம். இனி அது அவளுக்குக் கிடையாது. ஆய்விலிருந்து எடுத்தாகிவிட்டது. கடைக்கு எப்போது வரும் என்று கேட்டாள். எல்லாம் சரியாக நடந்தால் ஐந்தாறு வருஷம் என்றார் டாக்டர். அதுவரைக்கும் கண் காத்திருக்குமா என்று கேட்க வந்தவள், அதற்கும் தெரியாது என்றுதான் சொல்வார் என்று விட்டுவிட்டாள். அந்தக் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தேடிப் பார்த்தாள். வைக்க அங்கே வேறு ஆள் இல்லை.

டாக்டர் ஒரு தாளை நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து போடுங்க. விலகிக்கிறேன்னு."

அமிர்தம் தாளை எடுத்து, நேர் பார்வைக்குள் கொண்டுவந்து மெதுவாகப் படித்தாள். சொந்தக் காரணங்களால் ஆய்விலிருந்து விலகுகிறேன் என்று அச்சடித்திருந்தது. மயக்கத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"நான் விழுந்தது எங்க இதுல?"

"அத எழுதினா மேல விசாரிப்பாங்க. மாசக்கணக்குல ஆய்வு நின்னாலும் நின்னுடும். மத்த முப்பத்தொம்பது பேருக்கும் கஷ்டம். உங்களுக்கும் கெட்ட பேரு."

"இதுவரைக்கும் என் கணக்குல வந்த நம்பரு?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "ஏழு வாரம் வந்தது இருக்கட்டும்."

அமிர்தத்தின் குரல் ஏறியது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப நான் பழசையும் சேத்துப் போட்டு வந்த பதிமூணப் புதுசு பண்ணுச்சுன்னு எழுதிக்குவீங்க. அத நம்பி நாளைக்கி ஒருத்தி பழசத் தூக்கிப் போட்டுட்டு இத மட்டும் விட்டுக்குவா. அவ கண்ணு போனா? உங்க போர்டுலயும் என் பேரா?"

போர்டு என்று அவள் வாயிலிருந்தே வந்தது. வந்த பிறகுதான் அவள் காதில் விழுந்தது. ரெங்கம்மாளின் வெளுத்த குறுவை கண்முன் வந்து நின்றது. மூட்டையே போடாமல் பாட்டிலை மட்டும் அடித்தேன் என்று ரெங்கம்மாள் அப்போது சொன்னாள். ஏன்டி அப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல் போனாள். அமிர்தம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு தாளை லத்தீஃபாவிடம் நீட்டினாள். "இதோட பின்னால எழுது பாப்பா. பழைய மருந்தையும் போட்டேன். பயந்துகிட்டுப் போட்டேன். கேட்டதுக்கு இல்லன்னு பொய் சொன்னேன். ஏழாவது வாரம் வயல்ல மயக்கம் போட்டு விழுந்தேன். என் நம்பரு எதையும் எடுத்துக்கக் கூடாது. எழுதிட்டியா? இப்பக் குடு, போடுறேன்."

லத்தீஃபா எழுதினாள். டாக்டரைப் பார்த்து அனுமதி கேட்கவில்லை. அவள் எழுதிய வேகத்தைப் பார்த்தால், வெகுநேரமாக யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் கீழே தானும் கையெழுத்துப் போட்டார். பழைய சொட்டை நிறுத்திவிட்டு, இதயத்தைத் தொடாத வேறொரு சொட்டை எழுதிக் கொடுத்து, இதயத்தையும் பார்த்துக்கொண்டு மாதாமாதம் வரச் சொன்னார்.

குத்தாலத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் அமிர்தம் வீட்டுக்குப் போகவில்லை. வயலுக்குப் போனாள். பஞ்சநதம் பின்னாலேயே வந்தான். தகரப் பலகையின் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். காங்கிரீட் வைத்து நட்டிருந்தார்கள், லேசில் வரவில்லை. பஞ்சநதமும் வந்து பிடித்தான். மூச்சு வாங்க இருவரும் பிடுங்கி வரப்பில் சாய்த்தபோது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புல்லுக்கட்டோடு ரெங்கம்மாள் நின்றிருந்தாள்.

"பேரு போட்ட போர்ட ஏன்டி புடுங்குற?"

"பொய்டி அது. மூட்டையையும் போட்டேன். ரெண்டு மூட்ட."

ரெங்கம்மாள் புல்லுக்கட்டைக் கீழே போட்டாள். பிறகு சொன்னாள்: "ஊரே ரெண்டையும் போட்டுதுன்னு எனக்குத் தெரியும். அமிர்தம் கத்துவா, அடிப்பா, பொய் சொல்ல மாட்டான்னு நெனச்சேன். உன் போர்டப் பாத்துத்தான்டி நான் மூட்ட வாங்கல."

அதன் பிறகு அவள் திட்ட ஆரம்பித்தாள். அமிர்தத்தின் குடும்பம், கோபம், உளுந்து, நாக்கு என்று ஒன்றையும் விடவில்லை. குத்தாலம் ஸ்டேஷன்வரை கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை. பஞ்சநதம் வா போகலாம் என்று அமிர்தத்தின் கையைத் தொட்டான். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். குரல் இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது, அந்தப் பக்கம் அவளுக்கு ஆள் தெரியாது. முகத்தை முழுக்கத் திருப்பி, வலது கண்ணை ரெங்கம்மாளுக்கு நேராகக் கொண்டுவந்து, அவள் திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டாள்.